திங்கட்கிழமை கிளம்பிய சாலம்மாள்

ஆட்டையாம்பட்டி நெசவாளர் தெருவில் சாலம்மாளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். அடங்காப்பிடாரி என்பார்கள் சிலர். கெட்டிக்காரி என்பார்கள் சிலர். முதல் கட்சியில்தான் கூட்டம் அதிகம், சத்தமும் அதிகம். அவர்களில் பாதிப் பேர் அவள் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் அப்படிப் பேசினார்கள்.

பிறந்தது இளம்பிள்ளையில். வாழ்க்கைப்பட்டது ஆட்டையாம்பட்டிக் கைலாசத்துக்கு. கல்யாணமாகி இரண்டு தீபாவளி முடிவதற்குள் கைலாசம் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டான். அங்கே நம் பக்கத்து ஆள் ஒருவரின் துணிக்கடையில் வேலை. ஒரு வருஷத்தில் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவன், வியாபாரம் படுத்த காலத்தில் மாட்டிக்கொண்டு நாலு வருஷம் தள்ளிப்போட்டான். அதுவரைக்கும் சாலம்மாள் கைலாசத்தின் அண்ணன் தண்டாயுதபாணியின் வீட்டில் இருந்தாள்.

இருந்தாள் என்று சொல்வது சரியில்லை. உழைத்தாள். கைலாசம் போனதும் அவனுடைய தறி சும்மா கிடந்தது. பெண்பிள்ளை தறிக்குழியில் காலை விடலாமா என்று தெரு முணுமுணுத்தது. தண்டாயுதபாணி முதல் ஆளாக முணுமுணுத்தார். ஒரு வாரம் தறி சும்மா கிடந்து பார்த்தார். அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. "காலம் மாறிப்போச்சு, அம்மிணி. நீயே உக்காந்து நெய்யி" என்றார். சாத்திரம் அந்த வீட்டில் அப்படித்தான் வளைந்து கொடுக்கும். எந்தப் பக்கம் வளையும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

சாலம்மாள் உட்கார்ந்தாள். கை வேகமென்றால் வேகம். அவள் தறியில் பாவுநூல் தீர்கிற வேகத்துக்குக் குறுக்குநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொடுக்க முடியாமல் தண்டாயுதபாணியின் சம்சாரம் கந்தம்மாள் திணறிப்போவாள். அவர் தறியில் உட்காருவதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு, நெய்ததை விற்கப் போவதும் வருவதுமாக, தோளில் துண்டும் கையில் பஞ்சாங்கமுமாகப் பெரிய மனுஷர் ஆகிவிட்டார்.

மேட்டூர் அணையில் தண்ணீர் நிறுத்திய மறு வருஷம் கைலாசத்திடமிருந்து சீட்டு வந்தது. நாகப்பட்டணத்திலிருந்து பினாங்குக்குப் போகும் கப்பலில் மேல்தட்டில் உட்கார்ந்து போவதற்கான சீட்டு. வியாழக்கிழமை கப்பல். சாலம்மாளுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

தண்டாயுதபாணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரித்தார். எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்பதற்குச் சூலம் என்று பெயர். அது எல்லார் வீட்டிலும் பார்ப்பதுதான். ஆனால் அவர் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நாகப்பட்டணம் கெழக்க. திங்களும் சனியும் கெழக்கால சூலம். ஆகாது" என்றார்.

"சரிங்க, மாமா."

"ஆனா ரயிலு மொதல்ல மேக்கால ஈரோட்டுக்குப் போயித்தான் திரும்புது. வெள்ளியும் ஞாயிறும் மேக்கால சூலம். அதும் ஆகாது."

"சரிங்க."

"ஈரோட்டுல இருந்து வண்டி தெக்கால எறங்குது. வியாழக்கெழம தெக்கால சூலம்."

"செவ்வாய்க்கெழமைங்க?"

"செவ்வாய்க்கெழம ஆராச்சும் நல்ல காரியத்துக்குக் கெளம்புவாங்களா?"

மிஞ்சியது புதன். புதன்கிழமை கிளம்பினார்கள், அவரே துணைக்கு வந்தார். ஈரோட்டில் ஒரு வண்டி, திருச்சியில் ஒரு வண்டி, தஞ்சாவூரில் ஒரு காத்திருப்பு என்று வியாழக்கிழமை மத்தியானம் நாகப்பட்டணம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கப்பல் கரைக்கு வருவதில்லை. கடலுக்குள் தள்ளி நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும். கப்பல் நின்றது, புகையும் தெரிந்தது. ஆனால் டாக்டர் சோதனை காலையிலேயே முடிந்துவிட்டது. சோதனை ஆகாதவர்களைப் படகில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாலம்மாள் கெஞ்சினாள், அழுதாள், கடைசிப் படகின் பின்னால் முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய் நின்றாள்.

கப்பல் போனதைவிட அவளைச் சுட்டது வேறொன்று. கரையில் தண்டாயுதபாணி ஒரு ஓரமாக உட்கார்ந்து பொரி கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். தம்பி சம்சாரம் கப்பலைத் தவறவிட்ட மனுஷனின் முகமாக அது இல்லை. வேலை முடிந்தவனின் முகமாக இருந்தது.

"கடலம்மா வேண்டாங்கறா, அம்மிணி. நாம என்ன பண்ண முடியும்?" என்றார். ஊர் திரும்பிய மறுநாள் காலையில் தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கைலாசம் பினாங்குத் துறையில் இறங்கிய முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அவன் எழுதிய கடுதாசியை எதிர்வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார். சீட்டை ஒரே ஒரு தடவைதான் மாற்றித் தருவார்களாம், மாற்றியாகிவிட்டது. மாசிக் கடைசி வியாழக்கிழமைக் கப்பலில் வந்துவிட வேண்டும். பங்குனியில் முதலாளி அவனை மலைநாட்டுக்குள்ளே தூரத்துக் கடைக்கு அனுப்புகிறார். அப்புறம் துறைக்கு வந்து நிற்க ஆளில்லை. தனியாக வருகிற பெண்ணை அழைத்துக்கொள்ள ஆள் நிற்காவிட்டால் அந்த ஊரில் இறக்கிவிடவே மாட்டார்கள். ஆக, இந்தக் கப்பல் இல்லையென்றால் எந்தக் கப்பலும் இல்லை. ஆயுசு முழுக்க ஆட்டையாம்பட்டித் தறிக்குழிதான்.

இந்தத் தடவை சாலம்மாள் முன்கூட்டியே வாயைத் திறந்தாள். "மாமா, கப்பல் வரைக்கும் நான் அங்க காத்துக் கெடக்கறனுங்க. ரெண்டு நா முன்னாடியே போயிரோணும். திங்கக்கெழம கெளம்பறேன்."

தண்டாயுதபாணி கோபிக்கவில்லை. அவர் கோபித்திருந்தால்கூட நல்லது. வெகு அன்பாக ஒரு வழி சொன்னார். முந்தின புதன்கிழமை, நல்ல நேரத்தில், அவளுடைய மூட்டையை மட்டும் கொண்டுபோய்த் தெருக்கோடி சுப்பம்மாள் வீட்டில் வைத்துவிடுவது. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். மூட்டை கிளம்பினால் ஆளும் கிளம்பியதாகவே கணக்கு, அப்புறம் சூலம் ஒட்டாது. ஒன்றே ஒன்று, அப்படிக் கிளம்பிய மூட்டை வீட்டுக்குள் திரும்பி வரவே கூடாது, வந்தால் குடும்பத்துக்கு ஆகாது. சாலம்மாள் இருந்த இரண்டு நல்ல புடவை, கைலாசத்துக்கென்று தானே நெய்த வேட்டி, ஒரு கம்பளி எல்லாவற்றையும் கட்டி, தன் கையாலேயே கொண்டுபோய்ச் சுப்பம்மாள் வீட்டில் வைத்தாள். புருஷனின் அண்ணன், மச்சாண்டார் மேல் சந்தேகப்பட்டோமே என்று கொஞ்சம் வெட்கமும் பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வெட்கம் தீர்ந்தது.

"நாளைக்குப் போயிட்டு வாரேன், மாமா" என்றாள்.

"நாளைக்கு எங்க போறது? கெழக்கால சூலம்."

"மூட்ட போன புதங்கெழமையே கெளம்பிருச்சுங்களே!"

"அது மூணு நாளைக்குத்தான் செல்லும், அம்மிணி. தீந்துபோச்சு. மறுக்கா புதங்கெழம நல்ல நேரம் இருக்குது, நானே கூட்டிட்டுப் போறேன்."

"மூணு நாளைக்குத்தான்னு அன்னிக்கே சொல்லலீங்களே?"

"நீ கேக்கலையே."

சாலம்மாள் விடவில்லை. "சூலத்துக்குத் தயிர் குடிச்சுட்டுப் போனாப் போதும்னு பஞ்சாங்கத்துலயே போட்டிருக்குதாமுங்க, மாமா."

"அது பக்கத்தூருக்குப் போறவனுக்கு. கடல் தாண்டறதுக்கு ஒரு ஒழக்குத் தயிரு போதுமா?"

தானே சொன்ன வேடிக்கையை ரசித்துச் சிரித்துக்கொண்டு அவர் எழுந்து போனார். சாலம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாலு வருஷம் மாமா, மாமா என்று மரியாதை குறையாமல் பேசியிருக்கிறாள். ஏமாற்றுவதுகூட ஒரு வகை, ஏமாற்றிவிட்டு எதிரில் நின்று சிரிப்பது வேறு வகை. அந்தச் சிரிப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். சூலம் எந்தத் திசையில் வேண்டுமானாலும் நிற்கட்டும், குத்துகிறதா என்று போய்ப் பார்த்துவிடுவது.

திங்கட்கிழமை விடிந்ததும் தண்டாயுதபாணி நூல் விஷயமாக ராசிபுரத்துக்குப் புறப்பட்டார். ராசிபுரம் கிழக்கேதான் இருக்கிறது. நூல் வாங்கப் போகிறவர்களைச் சூலம் ஒன்றும் செய்யாது போலும். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் சாலம்மாள் சுப்பம்மாள் வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. திருச்செங்கோட்டு மலைக்குப் போயிருக்கிறாள், வர நாளாகும் என்றார்கள் பக்கத்து வீட்டில். அவளை யார் போகச் சொன்னது என்று சாலம்மாள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

திரும்பி வந்து பழைய சோற்றைப் பிழிந்து போட்டு, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள். வீட்டில் தயிர் இருந்தது. தொடவில்லை. சீட்டை இடுப்பில் முடிந்துகொண்டாள். கைலாசம் அவ்வப்போது அனுப்பியதில் மறைத்து வைத்திருந்த சில்லறையையும் முடிந்துகொண்டாள்.

கந்தம்மாள் வாசலில் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். "வெறுங்கையோடவா போற?" என்றாள்.

"மூட்டையில்லாம ஏறக்கூடாதுன்னு கப்பல்காரன் சொல்லலியே, அக்கா."

"உங்க மாமா வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"இருக்கறதச் சொல்லுங்க."

கந்தம்மாள் கஞ்சித் தொட்டிக்குள் கையை விட்டாள். பிறகு, "குனிஞ்சு வேல செஞ்சிட்டிருந்தேன், ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிப்புடறேன்" என்றாள். நிஜமாகவே குனிந்துகொண்டாள். அவளால் முடிந்த ஒத்தாசை அது, அதற்கே தைரியம் வேண்டும்.

சாலம்மாள் சந்து வழியாகப் போகவில்லை. பட்டப்பகலில் தெரு நடுவில் நடந்தாள். "எங்க, சாலம்மா?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னாள்.

"நாகப்பட்டணத்துக்குங்க."

"இன்னிக்குக் கெழக்கால சூலமாச்சே!"

"ஆமாங்க. அதுலதான் போறேன்."

வீரபாண்டி ரயில் நிலையம் வரைக்கும் நடை. ஈரோட்டில் கேட்டுக் கேட்டு வண்டி மாறினாள். திருச்சியில் தப்பான வண்டியில் ஏறி, ஒரு கிழவர் சத்தம்போட்டதும் குதித்து இறங்கினாள், முழங்கால் சிராய்த்துக்கொண்டது. அப்போது ஒரு நிமிஷம், சூலம் என்பது இதுதானோ என்று நினைக்காமலில்லை. நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் நாகப்பட்டணத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கடலில் ஒரு கப்பலும் இல்லை. அதைப் போல ஒரு நல்ல காட்சியை அவள் பார்த்ததே கிடையாது. கரையிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சத்திரத்தில் அத்தாயி என்ற நாமக்கல் பக்கத்துப் பெண் பழக்கமானாள். புருஷனோடு ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிறவள். சாலம்மாளுக்குப் படுக்க ஒரு சாக்கைக் கொடுத்தாள், மூட்டை எங்கே என்று கேட்டாள். "அது எனக்கு முன்னாலயே கெளம்பிருச்சு, வழியில எங்கியோ நின்னுபோச்சு" என்றாள் சாலம்மாள். அத்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

வியாழக்கிழமை காலை, வரிசையில் முதல் ஆளாகச் சாலம்மாள் நின்றாள். டாக்டர் கண்ணையும் நாக்கையும் அம்மை குத்திய தழும்பையும் பார்த்தார். சீட்டுப் பார்க்கிற உத்தியோகஸ்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட ஆள் யாரும் வரவில்லையா?"

"போன தடவ ஆளோடதானுங்க வந்தேன். அதனாலதான் கப்பல் போயிருச்சு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டில் முத்திரை குத்தி, மூங்கில் தட்டி அடைத்த கொட்டகைக்குள் அனுப்பினார். சோதனை முடிந்தவர்கள் இருக்கும் இடம் அது. உள்ளே போனவர் வெளியே வந்தால் திரும்பவும் வரிசையில் நின்று சோதனை ஆக வேண்டும். வெளியாள் கையிலிருந்து சாமான் எதையும் வாங்கவும் கூடாது.

ஆனால் கப்பல் வரவில்லை. சென்னப்பட்டணத்திலிருந்தே தாமதமாம், வெள்ளிக்கிழமை காலைதான் வரும் என்றார்கள். சாலம்மாள் விரல் விட்டுக் கிழமையை எண்ணினாள். மச்சாண்டார் புதன்கிழமைக்கு முன்னால் நகர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தன்னைப் பிடித்து இழுத்துப் போவதற்காகக்கூட அவர் செவ்வாய்க்கிழமை கிளம்பமாட்டார். ஆனால் கப்பல் ஒரு நாள் பிந்தினால் புதன்கிழமை கிளம்பியவருக்கும் நேரம் உண்டு.

வந்துவிட்டார். வழியில் எங்கோ வண்டி தவறிப்போய், வெள்ளிக்கிழமை காலை, கடலில் கப்பல் வந்து நின்று, முதல் படகுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டிக்கு வெளியே தண்டாயுதபாணி நின்றார். தோளில் துண்டு. கையில் அவளுடைய மூட்டை. சுப்பம்மாள் வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது.

"அம்மிணி, சாலம்மா! இத உட்டுப்போட்டு வந்துட்டியே, சாமி. குளுருக்குக் கம்பளிகூட இல்லாம எப்படிப் போவ? வந்து வாங்கிக்க" என்றார். தேன் ஒழுகியது குரலில்.

சாலம்மாளின் கால் தன்னை அறியாமல் ஓர் எட்டு நகர்ந்தது. கம்பளி, கைலாசத்தின் வேட்டி, இரண்டு புடவை. அவளுடையது என்று இந்த உலகத்தில் இருந்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. வெளியே நாலு எட்டு. அப்புறம்தான் வாசலில் நின்ற சேவகனைப் பார்த்தாள், டாக்டர் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். டாக்டர் நேற்றே போய்விட்டார். அவள் நின்றுவிட்டாள்.

"வேண்டாமுங்க, மாமா. நீங்களே வெச்சுக்கங்க."

"என்னமா பேசற? நான் இத எங்க கொண்டுபோயி வெக்கறது?"

"அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? கெளம்புன மூட்ட ஊட்டுக்குத் திரும்பி வந்தா ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். தண்டாயுதபாணியின் முகம் கறுத்தது. தேனெல்லாம் வற்றிப்போயிற்று. தட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "குடும்பத்துப் பொம்பள, சொல்லாமக் கொள்ளாம ஓடி வந்திருக்கா! இவள வெளிய உடுங்க!" என்று உத்தியோகஸ்தரைப் பார்த்துக் கத்தினார்.

உத்தியோகஸ்தர் சாலம்மாளைப் பார்த்தார். "புருஷங்கிட்டப் போறனுங்க. சீட்டு அவரு அனுப்புனது" என்றாள் அவள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டார். விஷயம் அவ்வளவுதான், அங்கே பஞ்சாங்கம் செல்லவில்லை.

"தட்டுக்கு ஆள், வா, வா" என்று படகுக்காரர்கள் கூப்பிட்டார்கள். வரிசை நகர்ந்தது. சாலம்மாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மாற்றுப் புடவைகூட இல்லாமல், முன்பின் தெரியாத கடலில், நாலு வருஷமாகப் பார்க்காத புருஷனிடம் போகிறாள். அந்தப் பயத்தை மறைக்க அவள் முயலவில்லை.

அப்போதுதான் தண்டாயுதபாணி, கிழமையும் திசையும் கடலம்மாவும் எல்லாம் மறந்துபோய், அடிவயிற்றிலிருந்து அலறினார்.

"நீ போயிட்டா அந்தத் தறியில ஆருடி உக்காருவா?"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. சாலம்மாள் படகுப் பலகையில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். நாலு வருஷமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவளுடைய பயம் போயிற்று.

"இத மொதல்லயே கேட்டிருந்தீங்கன்னா, மாமா, இத்தன கெழமையும் பாத்து அலஞ்சிருக்க வேண்டியதில்லீங்களே" என்றாள். "நீங்க உக்காருங்க."